பக்கத்துச் செடிக்குச் சூனியம்!

ஒரு சோள விதையை ஈரமான வடிதாளில் வைத்து மூடுங்கள். சில நாள் இருட்டில் விட்டு, முளைத்த வேரை நுண்ணோக்கிக்கு அடியில் வைத்துப் பாருங்கள். பார்த்ததும் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்து இழுத்து, "இங்க வா, இதைப் பாரேன்!" என்று நீங்கள் கத்தவில்லை என்றால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன். வெள்ளை வெளேரென்ற வேர். அதில் அடர்த்தியாக வேர்த்தூவிகள். தூவிகளின் நுனியில் குட்டிக் குட்டியாகச் சொட்டுகள். பொன் மஞ்சள் நிறத்தில், எண்ணெய்ப் பிசுக்கோடு, தண்ணீரில் கரைய மனமில்லாமல் உருண்டு திரண்டு மினுக்கிக்கொண்டு நிற்கின்றன.

அழகாக இருக்கிறதே என்று ஏமாந்துவிட வேண்டாம். அது விஷம்.

பெயர் சோர்கோலியோன். பக்கத்தில் முளைக்கிற குட்டிச் செடிக்குள் இது போய்ச் சேர்ந்தால் ஒளிச்சேர்க்கை நின்றுவிடும். மக்காச்சோளக் காட்டில் அடிக்கிறார்களே அட்ரசின் என்கிற களைக்கொல்லி, அது இலைக்குள் எந்த இடத்தில் போய் அடைத்துக்கொள்கிறதோ, அச்சு அசலாக அதே இடத்தில்தான் இதுவும் அடைக்கிறது. கம்பெனிக்காரர்கள் கோட்டு போட்டுக்கொண்டு கண்டுபிடித்ததை, பால்மணம் மாறாத ஒரு நாற்று யாரும் சொல்லித்தராமல் செய்து தூவி நுனியில் தொங்கவிட்டிருக்கிறது! 1986-ல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் நெட்ஸ்லி, பட்லர் என்ற இருவர் இந்தச் சொட்டுகளைப் பற்றி எழுதினார்கள். அன்றிலிருந்து சோள வேருக்கு ஆய்வகங்களில் ராஜ மரியாதை.

சொட்டைச் சேகரிக்கிற விதம் இன்னும் வேடிக்கை. அரைக்க வேண்டாம், காய்ச்ச வேண்டாம். வேரை ஒரு கரைப்பானில் கொஞ்ச நேரம் முக்கி எடுத்தால் போதும், சொட்டு கழன்று வந்துவிடும். வந்ததை அலசிப் பார்த்தால் பெரும்பகுதி ஒரே பொருள். செடிச் சாறு என்றால் ஆயிரம் கசடு கலந்திருக்கும் என்று பழகிப்போன வேதியியல்காரர்களுக்கு இது லாட்டரி. ஆனால் நாற்றுக்கும் ஒரு பிடிவாதம் உண்டு. வேரைத் தண்ணீரில் மூழ்கவிட்டால் தூவி விடாது. தூவி இல்லாவிட்டால் சொட்டும் கிடையாது. அதனால் ஈரமும் இருக்க வேண்டும், காற்றும் பட வேண்டும் என்று பாய் விரித்து, தாலாட்டாத குறையாக வளர்க்கிறார்கள்.

சோளக்காட்டில் களை அவ்வளவாக வராது, சோளம் அறுத்த கையோடு அடுத்த விதைப்புப் போட்டால் பயிர் தள்ளாடும். இதெல்லாம் நம் மானாவாரி விவசாயிகளுக்குப் புதுச் செய்தி இல்லை. (தள்ளாடுவதற்கு விஷம் மட்டும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. சோளக்கட்டை மண்ணில் மட்கும்போது அங்கிருக்கிற தழைச்சத்தையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. இந்த 'மட்டும்' என்ற சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசிவரை நம்மைத் துரத்தப்போகிறது.)

ஒரு செடி தன் உடம்பிலிருந்து வேதிப்பொருளை வெளியே விட்டுப் பக்கத்துச் செடியை ஆட்டிவைப்பதற்கு அல்லெலோபதி என்று 1937-ல் பெயர் சூட்டியவர் வியன்னாவின் ஹான்ஸ் மோலிஷ். கல்கத்தாவில் ஜெகதீஷ் சந்திர போஸின் ஆய்வு நிலையத்துக்கு வந்து வேலை பார்த்துவிட்டுப் போன மனிதர். அவர் பிடித்த குற்றவாளி யார் தெரியுமா? ஆப்பிள்! பழுத்த ஆப்பிள் பக்கத்தில் இருந்தாலே மற்றச் செடிகளின் வளர்ச்சி கோணல்மாணலாகிறது என்று காட்டினார். பழம் விடுகிற எத்திலீன் வாயுதான் காரணம். பெயர்தான் புதிது, சங்கதி பழையது. கொண்டைக்கடலை மண்ணைக் களைக்கச் செய்கிறது, களையையும் ஒழிக்கிறது என்று கிரேக்கத்துத் தியோஃபிராஸ்டஸ் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே எழுதியிருக்கிறார். வால்நட் மரத்தின் நிழலே ஆகாது என்றார் ரோமானிய பிளினி.

வால்நட் விஷயம் அட்டகாசம். அமெரிக்கக் கருப்பு வால்நட் மரத்தின் வேரிலும் இலையிலும் காய்த்தோலிலும் இருப்பது ஒரு சாதுவான பொருள். மரத்துக்குள் இருக்கும்வரை யாரையும் ஒன்றும் செய்யாது. வெளியே வந்து ஆக்சிஜன் பட்டதும் ஜக்லோன் என்ற நஞ்சாக மாறிவிடும். வெடிமருந்தை நனைத்து வைத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே போய்க் காயவைக்கிற சாமர்த்தியம்! 1920-களில் வர்ஜீனியாவில் மாஸி என்பவர் வால்நட் மரத்துக்குப் பக்கத்தில் தக்காளியை நட்டுப் பார்த்தார். வால்நட் வேர் எட்டிய இடத்தில் தக்காளி வாடிச் சாய்ந்தது.

சரி, இப்போது ஆய்வகத்தின் பின்கதவு வழியாக உள்ளே போவோம். முன்வாசலில் பெரிய பெரிய இயந்திரங்களைக் காட்டுவார்கள். உண்மையான கதாநாயகன் உள்ளே ஒரு கண்ணாடித் தட்டில் படுத்திருக்கிறான்: லெட்யூஸ் விதை. சாலட்டில் போடுகிற அதே கீரையின் விதைதான். சட்டென்று முளைக்கும், எல்லா விதையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முளைக்கும், கொஞ்சம் நஞ்சு பட்டாலும் வேர் குட்டையாகிவிடும். இவ்வளவு தொட்டாற்சிணுங்கியாக இருப்பதே அதன் தகுதி. உலகத்தில் எத்தனையோ செடிகளின் குணத்தைச் சொல்லிக்கொடுத்தது இந்த விதையின் சிணுங்கல்தான்.

ஜப்பானின் யோஷிஹாரு ஃபூஜி இதில் ஒரு நேர்த்தியான முறையை உருவாக்கினார். காய்ந்த இலையில் சில மில்லிகிராம் எடுத்து, இரண்டு அகர் ஜெல்லி அடுக்குகளுக்கு நடுவே வைத்து, மேலே லெட்யூஸ் விதையைத் தூவ வேண்டும். 'சாண்ட்விச் முறை' என்றே இதற்குப் பெயர். இலை உதிர்ந்து மழையில் ஊறினால் என்ன கசியுமோ அது ஜெல்லியில் ஏறி விதையைத் தொடும். வேர் எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்தால் தீர்ந்தது. பூனைக்காலியிலிருந்து கசிகிற எல்-டோபா பக்கத்துச் செடிகளைத் தடுக்கிறது என்று கண்டவரும் அவரே. பார்க்கின்சன் நோயாளிகளுக்கு டாக்டர் எழுதிக்கொடுக்கிற அதே எல்-டோபாதான்! நம் புளியமரத்தையும் ஜப்பான் ஆய்வாளர்கள் விட்டுவைக்கவில்லை. புளியமரத்தடியில் ஒன்றும் முளைக்காது என்று நம் பாட்டிகள் பேய் மேல் போட்ட பழியில் ஒரு பங்கை வேர் மேலும் இலை மேலும் மாற்றி எழுதினார்கள்.

காப்பி குடித்துக்கொண்டே இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு கொசுறு. காஃபினும் இந்த ஆயுதக் கிடங்கில் இருக்கிற சரக்குதான். காப்பி விதை முளைக்கும்போது சுற்றுவட்டாரத்தில் காஃபின் கசிகிறது. சிக்கல் என்னவென்றால் காஃபின் காப்பியின் சொந்த வேருக்கும் ஆகாது. அதனால் முளைக்கும் விதை தன் வேர் நுனிக்குக் காஃபின் போகாமல் பார்த்துக்கொள்கிறது என்று 1980-களில் ஃப்ரீட்மேன், வாலர் இருவரும் விளக்கினார்கள்.

இத்தனை குதூகலத்துக்கு நடுவே ஒரு குண்டூசி. இலையைக் கெட்டியாக அரைத்து லெட்யூஸ் மேல் ஊற்றினால் எந்தச் செடியின் சாறும் அதைப் படுக்கவைத்துவிடும். கெட்டியான டீ டிகாக்ஷனே போதும். தட்டில் ஜெயித்த விஷம் மண்ணிலும் ஜெயிக்குமா? மண்ணில் களிமண் துகள் பிடித்துவைத்துக்கொள்ளும். பாக்டீரியா தின்று ஏப்பம் விடும். மழை கழுவிவிடும். தட்டில் கிடைத்த முடிவை வைத்துக்கொண்டு 'இந்தச் செடி கொலைகாரி' என்று எழுதிய கட்டுரைகள் மலை மலையாகக் கிடக்கின்றன. அதில் பாதியை நான் நம்பமாட்டேன்.

நம்பாமல் போனதற்குக் காரணம் ஒரு முயல்.

கலிஃபோர்னியாவில் சான்டா பார்பரா பக்கம் ஊதாப்பூப் பூக்கிற சால்வியா என்றொரு புதர். கசக்கினால் கற்பூர வாசனை. மலைச்சரிவில் இந்தப் புதர்க் கூட்டம் எங்கே முடிகிறதோ, அங்கிருந்து ஒன்றிரண்டு மீட்டர் அகலத்துக்கு மொட்டைத் தரை. ஒரு புல் கிடையாது. அதைத் தாண்டினால் மறுபடி பசும்புல். யாரோ கோடு கிழித்துச் சவரம் செய்துவிட்டதுபோல் இருக்கும். கார்னீலியஸ் முல்லர் என்ற தாவரவியலாளர் இதைப் பார்த்தார். இலையிலிருந்து எழும் கற்பூரமும் சினியோலும் காற்றில் மிதந்து மண்ணில் இறங்கி விதைகளை முளைக்கவிடாமல் செய்கின்றன என்றார். 1964-ல் 'சயன்ஸ்' இதழில் வந்தது. அட்டைப்படமும் அதுதான்! பாடப்புத்தகங்கள் கொண்டாடின. வாசனையால் கொல்லும் செடி! யாருக்குத்தான் பிடிக்காது?

ஆறு ஆண்டு கழித்து, 1970-ல், ப்ரூஸ் பார்த்தலோமியூ அதே 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை போட்டார். அவர் செய்தது பரம எளிமை. மொட்டைத் தரையில் கம்பிவலைக் கூண்டுகளைக் கவிழ்த்துவைத்தார். வாசனை கூண்டுக்குள் தாராளமாகப் போகும். முயலும் எலியும் பறவையும் போக முடியாது. கூண்டுக்குள் புல் ஜம்மென்று முளைத்தது!

விஷயம் இதுதான். முயலுக்கும் எலிக்கும் பருந்து பயம். புதருக்குள் பதுங்கியிருந்து, வெளியே வந்து அவசர அவசரமாக மேய்ந்துவிட்டு, ஒரே ஓட்டத்தில் உள்ளே போய்விட வேண்டும். அந்த ஓட்டத்துக்கு எட்டுகிற தூரம்தான் அந்த ஒன்றிரண்டு மீட்டர். முல்லர் லேசில் விட்டுக்கொடுக்கவில்லை. விவாதம் ஆண்டுக்கணக்கில் நடந்தது. கற்பூரத்துக்குப் பங்கே இல்லை என்று அடித்துச் சொல்லவும் முடியாது. ஆனாலும் என் ஓட்டு முயலுக்கே. பின்னால் வந்த எல்லா ஆய்வாளர்களும் 'முயலைப் பார்த்தாயா?' என்ற கேள்விக்குப் பதில் வைத்துக்கொண்டுதான் வாய் திறக்க வேண்டியிருந்தது.

அந்தக் கேள்விக்கு அவர்கள் போட்ட தந்திரங்கள்தான் இந்தத் துறையின் உண்மையான திரைமறைவுக் கூத்து. மொஹாவி பாலைவனத்து இரண்டு புதர்களை எடுத்துக்கொண்டு மஹால், காலவே இருவரும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் சுவர் வைத்த பெட்டிகளில் வளர்த்தார்கள். வேர் வளர்வதை ஜன்னல் வழியாக வேவு பார்த்து நாள்தோறும் அளந்தார்கள். அவற்றில் ஒன்றான க்ரியோசோட் புதரின் வேர் நெருங்கியதும் பக்கத்து வேரின் வேகம் குறைந்தது. சரி, இது விஷமா, தண்ணீர்ப் போட்டியா? மண்ணில் கரித்தூளைக் கலந்தார்கள். தண்ணீர் ஃபில்டருக்குள் இருக்குமே, அந்த வகைக் கரி. கரிம நஞ்சுகளைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கரி கலந்ததும் க்ரியோசோட்டின் அதிகாரம் குறைந்துபோனது. கையும் களவுமாகப் பிடித்தாகிவிட்டது என்று துள்ளத் தோன்றுகிறது அல்லவா? கொஞ்சம் பொறுங்கள். கரி மண்ணின் சத்தையும் நுண்ணுயிரையும்கூட மாற்றும் என்று இன்னொரு கூட்டம் கையைத் தூக்கியது. இந்தத் துறையில் யாரையும் நிம்மதியாகத் தூங்கவிட மாட்டார்கள்.

சீனாவின் காங் சுய்ஹுவா குழு வேறு வழி போனது. கோதுமையையும் பக்கத்துச் செடியையும் ஒரே தொட்டியில் வைத்து, நடுவில் ஒருமுறை கெட்டித் தடுப்பு, ஒருமுறை மெல்லிய வலை, ஒருமுறை தடுப்பே இல்லை. வலை வழியாக வேர் போகாது, வேதிப்பொருள் போகும். வலைக்கு அப்பால் ஆள் வந்ததுமே கோதுமை தன் விஷ உற்பத்தியைக் கூட்டியது. நூறு வகைச் செடிகளைப் பக்கத்தில் வைத்துச் சோதித்து 2018-ல் வெளியிட்டார்கள். தொடாமலே, பார்க்காமலே, வேர் கசியவிடும் லோலியோலைடு, ஜாஸ்மோனிக் அமிலம் ஆகிய பொருள்களை வைத்தே பக்கத்தில் ஆள் இருப்பதைக் கோதுமை உணர்ந்துகொள்கிறதாம். அபார்ட்மெண்ட் வாசிகளுக்கு இது புரியும்.

எல்லாவற்றையும்விடக் கச்சிதமான சாட்சி நெல்லிடமிருந்து வந்தது. ஆர்கன்சாவின் ஸ்டட்கார்ட் ஊரில் ராபர்ட் டில்டே 1980-களில் உலகெங்குமிருந்து வந்த ஆயிரக்கணக்கான நெல் ரகங்களை வரிசையாக நட்டார். சில ரகங்களைச் சுற்றி மட்டும் களை இல்லாத வட்டம் விழுந்திருந்தது. நெல் வேர் மோமிலாக்டோன் என்ற பொருளைக் கசியவிடுகிறது என்பது தெரியவந்தது. 1973-ல் நெல் உமியிலிருந்து முதலில் பிரித்தெடுத்த பொருள் அது. பின்னர், 2012-ல், அந்தப் பொருளைச் செய்கிற மரபணுவையே முடக்கிய நெல்லை வளர்த்துப் பார்த்தார்கள். மற்றதெல்லாம் அதே நெல், ஆயுதம் மட்டும் பறிமுதல். குதிரைவாலிக் களைப்புல்லை அடக்குகிற அதன் பலம் குறைந்துபோயிற்று! இதற்கு முயலும் பதில் சொல்ல முடியாது, கரியும் பதில் சொல்ல முடியாது.

குதிரைவாலிப் புல் மட்டும் சும்மா இருக்குமா? 2017-ல் அதன் மரபணுத் தொகுதியைச் சீன ஆய்வாளர்கள் படித்தபோது, நெல்லைத் தடுக்கிற டிம்போவா என்ற நஞ்சைச் செய்யும் மரபணுக் கூட்டம் அதனிடம் இருந்தது. நெல்லின் மோமிலாக்டோன் மரபணுக் கூட்டத்தைப் போன்ற ஒன்றும் இருந்தது. வயலுக்குள் இறங்கிக் களை பறிக்கிறவர்கள் இந்தச் சண்டையில் மூன்றாவது கட்சி.

இனி என் செல்ல வில்லனுக்கு வருகிறேன். சுடுமல்லி. சோளக்காட்டிலும் கரும்புத் தோட்டத்திலும் பார்த்திருப்பீர்கள். சின்னதாய், பூவோடு, பார்க்கப் பரிதாபமாக நிற்கும். அடியில் தோண்டினால் அதன் வேர் சோள வேரில் பல் பதித்து உறிஞ்சிக்கொண்டிருக்கும். விதை தூசிமாதிரி. ஒரு செடி பல்லாயிரம் விதை போடும். அந்தத் தூசிக்குள் இருக்கிற சாப்பாடு சில நாளுக்குத்தான் வரும். முளைத்த உடனே ஒரு வேர் கிடைக்காவிட்டால் செத்தது. அதனால் அது அவசரப்படாது. மண்ணுக்குள் பத்து ஆண்டுக்கு மேல்கூடக் கண் மூடிக் கிடக்கும். எதற்காக? பக்கத்தில் வேர் வந்துவிட்டது என்ற தகவலுக்காக.

அந்தத் தகவல் என்ன என்று தேடிய கதை அற்புதம். 1956-ல் அமெரிக்காவின் கரோலினா மாநிலங்களில் இந்தக் களை முளைத்திருப்பதைக் கண்டு அரசாங்கமே அலறியது. வடக்கு கரோலினாவில் குக் என்பவரும் குழுவினரும் 1966-ல் அந்தப் பொருளைப் பிரித்து எடுத்தார்கள். ஸ்ட்ரைகால். எதிலிருந்து? பருத்தி வேரிலிருந்து! சுடுமல்லிக்குப் பருத்தி ஆகாது. அதை உறிஞ்ச முடியாது. பின்னே ஏன் பருத்தி கூப்பிட்டது? வேர்கள் இந்தப் பொருளை யாருக்காகத்தான் கசியவிடுகின்றன?

பதில் கிடைக்க 2005 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜப்பானின் அகியாமா குழு கண்டது இது: மண்ணில் மைக்கோரைசா என்ற பூஞ்சை இருக்கிறது. வேரோடு சேர்ந்து வாழ்ந்து மணிச்சத்தைக் கொண்டுவந்து கொடுக்கும். அதை அழைக்கத்தான் வேர் ஸ்ட்ரைகாலையும் அதன் உறவுகளான ஸ்ட்ரைகோலாக்டோன்களையும் கசியவிடுகிறது. மணிச்சத்துப் பஞ்சம் என்றால் இன்னும் உரக்கக் கூப்பிடும். சுடுமல்லி செய்வதெல்லாம் அந்தக் கூப்பாட்டை ஒட்டுக்கேட்பதுதான்! ஏழை மண்ணில் சுடுமல்லி ஏன் ஆட்டம் போடுகிறது என்ற கேள்விக்கும் அதிலேயே ஒரு விடை கிடைத்தது. 2008-ல் இன்னொரு திருப்பம். இதே பொருள்தான் செடிக்குள் எத்தனை கிளை விடலாம் என்று தீர்மானிக்கிற ஹார்மோனும்.

ஒட்டுக்கேட்பவனை எப்படி ஏமாற்றுவது? அமெரிக்கர்கள் மண்ணுக்குள் எத்திலீன் வாயுவை ஏற்றினார்கள். மோலிஷின் ஆப்பிள் விட்ட அதே எத்திலீன். வேர் வந்துவிட்டதாக நினைத்துச் சுடுமல்லி விதை முளைத்து, வேரைக் காணாமல் பட்டினியில் சாகும். எத்தியோப்பியாவில் பிறந்த கெபிசா எஜெட்டா சுடுமல்லி எடுபடாத சோள ரகங்களை உருவாக்கி 2009-ல் உலக உணவுப் பரிசு வாங்கினார். அவ்வகைச் சோளத்தில் ஒன்றின் ரகசியம் 2017-ல் அவிழ்ந்தது. அது ஸ்ட்ரைகோலாக்டோன் மூலக்கூறின் வடிவத்தைச் சற்றே மாற்றிக் கசியவிடுகிறது. பூஞ்சைக்குக் கேட்கும். சுடுமல்லிக்குச் சரியாகக் கேட்காது.

எனக்கு மிகப் பிடித்தது கென்யாவில் நடந்தது. விக்டோரியா ஏரிக்கரையில் எம்பிடா என்ற இடத்தில் இசிபி ஆய்வு நிலையம். இந்தியாவில் பிறந்த ஜியாவுர் கான், இங்கிலாந்தின் ஜான் பிக்கெட்டோடு சேர்ந்து மக்காச்சோளத் தண்டுத்துளைப்பானை விரட்டுவதற்காக ஊடுபயிராக டெஸ்மோடியம் என்ற பயறுவகைச் செடியைப் போட்டார். அதன் வாசனை அந்துப்பூச்சிக்கு ஆகாது. ஓரத்தில் நேப்பியர் புல், பூச்சியை அந்தப் பக்கம் இழுக்க. பூச்சி குறைந்தது, சந்தோஷம். ஆனால் வயலில் சுடுமல்லியும் காணாமல் போய்க்கொண்டிருந்தது! யாரும் கேட்காத வரம். தேடிப் பார்த்தால், டெஸ்மோடியம் வேர் ஒரு பொருளால் சுடுமல்லி விதையைத் தட்டி எழுப்புகிறது, இன்னொரு பொருளால் அது வேரைப் பற்றவிடாமல் தடுக்கிறது. கூப்பிட்டு வைத்துக் கழுத்தைப் பிடிக்கிற வேலை. போதாக்குறைக்கு மாட்டுக்குத் தீவனமும் ஆச்சு, மண்ணுக்குத் தழைச்சத்தும் ஆச்சு. ஆப்பிரிக்கக் குறுவிவசாயிகள் இதை ஏற்றுக்கொண்டதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

கம்பெனிகளும் எட்டிப் பார்க்காமல் இல்லை. 1977-ல் கலிஃபோர்னியாவில் ஸ்டாஃபர் நிறுவனத்தின் ஆய்வு நிலையத்தார், பாட்டில்பிரஷ் செடியின் அடியில் களை அவ்வளவாக இல்லை என்பதைக் கவனித்தார்கள். ஊட்டியிலும் பெங்களூரிலும் சாலையோரம் சிவப்பாகத் தொங்குமே, அதேதான். மண்ணை அலசி லெப்டோஸ்பெர்மோன் என்ற பொருளைப் பிடித்தார்கள். களை மேல் தெளித்தால் இலை வெள்ளைக் காகிதமாக வெளுத்துவிடும். ஆனால் வீரியம் போதவில்லை. மூலக்கூறை அங்கே இங்கே மாற்றி மாற்றி உழைத்து, 2001-ல் மீசோட்ரையோன் மக்காச்சோளக் களைக்கொல்லியாகச் சந்தைக்கு வந்தது.

வேர் மட்டும்தானா? காற்றிலும் கூத்து நடக்கிறது. அம்மையார் கூந்தல் என்ற ஒட்டுண்ணிக் கொடியின் நாற்று, தக்காளி எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் வளைகிறது. பென்சில்வேனியாவில் 2006-ல் தக்காளியையே எடுத்துவிட்டு அதன் வாசனைப் பொருளை மட்டும் வைத்தார்கள். அப்போதும் வளைந்தது! ஜப்பானின் சைதாமா பல்கலைக்கழகத்தில் டொயோட்டா குழு 2023-ல் செய்ததைக் காணொளியாகவே பார்க்கலாம். ஒரு பிளாஸ்டிக் புட்டியில் இலையும் புழுவும். கடிபட்ட இலையின் வாசனையைச் சின்னப் பம்பு ஒன்று பக்கத்துச் செடி மேல் ஊதுகிறது. அந்தச் செடியில் கால்சியம் ஏறினால் ஒளிரும்படி மரபணு வைத்திருக்கிறார்கள். வாசனை பட்டதும் இலை பளிச் பளிச்சென்று மின்னுகிறது. முதலில் சேதி கேட்பது இலைத்துளையின் காவல் செல்கள்.

கடைசியாக, நம் வீட்டுக் கொல்லை வில்லன் சீமைக்கருவேலம். ராமநாதபுரத்துக்காரர்களிடம் கேட்டால் அதன் அடியில் எதுவும் வராது என்பார்கள். தில்லிப் பல்கலைக்கழகத்தின் இந்தர்ஜித், க்ரியோசோட் புதரை ஆராய்ந்த அதே காலவே முதலானவர்கள் 2012-ல் வெளியிட்ட ஒப்பீடு இதில் ஒரு புதிரைக் காட்டியது. இந்தியாவில் அந்த மரத்தடியில் செடி வகைகள் வெகுவாகக் குறைந்திருந்தன. அதன் தாயகங்களில் ஒன்றான வெனிசுவேலாவில் இந்த அளவு கெடுதி இல்லை. நம் நாட்டு வன்னி மரமும் அதற்கு நெருங்கிய உறவுதான். அதன் அடியில் பயிர் செழிக்கிறது. சொந்த ஊரில் அதோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த செடிகளுக்கு அந்தச் சரக்கு பழகிப்போயிருக்கும், நம் செடிகளுக்கு அது புது விஷம் என்பது ஒரு விளக்கம். காலவே 2000-ல் வேறொரு களையை வைத்து இதே யோசனைக்கு அடிக்கல் போட்டிருந்தார். ஜார்ஜியா நாட்டிலிருந்து வந்த களை, அந்நாட்டுப் புற்களைவிட அமெரிக்கப் புற்களையே அதிகம் படுத்தியது. என்றாலும் சீமைக்கருவேலத்தின் நிழல், தண்ணீரை உறிஞ்சும் பேராசை, உதிர்ந்து கிடக்கும் இலைக்குவியல் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு விஷம் 'மட்டும்' என்று எழுத நான் தயாரில்லை.

உங்களுக்கு ஆசை வந்துவிட்டதா? இந்த ஞாயிற்றுக்கிழமையே வீட்டில் செய்து பார்க்கலாம். சீமைக்கருவேலமோ, புளியோ, தைலமரமோ, காய்ந்த இலையை ஒரு கைப்பிடி எடுத்து ஒரு செம்புத் தண்ணீரில் ஒருநாள் ஊறவைத்து வடிகட்டுங்கள். அரைக்காதீர்கள், மழை எந்த இலையையும் மிக்ஸியில் போடுவதில்லை. மூன்று தட்டில் துணி விரித்து, தட்டுக்கு ஐம்பது கேழ்வரகு விதை. முதல் தட்டுக்கு வெறும் தண்ணீர். இரண்டாவதற்கு இலைத் தண்ணீர். மூன்றாவதற்கு, அதே இலைத் தண்ணீரைத் தோட்டத்து மண் நிரப்பிய தொட்டியில் ஊற்றி, அடி ஓட்டை வழியாக வடிகிறதைப் பிடித்து விடுங்கள். நாலைந்து நாளில் எத்தனை முளைத்தது, வேர் எவ்வளவு நீளம் என்று அளவுகோல் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் இருந்தால் அவர்களிடம் எந்தத் தட்டில் என்ன என்று சொல்லாமல் அளக்கக் கொடுங்கள். இரண்டாவது தட்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டு 'கொலைகார மரம்!' என்று அறிவிக்கக் கை பரபரக்கும். மூன்றாவது தட்டும் அந்தப் படத்தில் இருக்கட்டும்.